சேற்றுத் தடம் தெரியும்வரை

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு எலி பிடிக்கக் கற்றுத் தருவது என் வேலை இல்லை. கூண்டின் கொக்கியை எப்படி மாட்டுவது, கருவாட்டை எங்கே கட்டுவது என்பதையெல்லாம் முருகன் அண்ணன், எல்லோருக்கும் கோ முருகன், ஒரே மத்தியானத்தில் காட்டிவிடுவார். அதைவிடக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது. என்றைக்கு ஆரம்பிப்பது? நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் நீங்கள் போன் போட்டுக் கேட்பது இதைத்தான். "அன்ட்டி, இன்னிக்கு வைக்கலாமா?" ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். பர்மிய எழுத்து மட்டும் படித்தவள், தமிழ் காதில் விழுந்தால் புரியும், படிக்கத்தான் வராது என்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலுக்கு நான் எலியைப் பார்த்து வந்தவள் இல்லை. மிஷன் பள்ளியில் படித்துவிட்டு, அப்பாவைப் போல ஆபீஸ் நாற்காலியில் உட்கார வந்தவள். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், மாடியில் இரண்டு அறை. அதுதான் அப்போது கம்பெனி. என் மேசையில் ஒரு தொலைபேசி. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை அதில் புகார்தான். ரயில் போகும்போது ஒன்றும் கேட்காது. அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு ஓய்வு.

சில வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று பிடிபட்டது. எல்லாப் புகாரும் ஒரே மாதிரி வளர்ந்தன. ஷ்வேப்யிதாவில் ஒரு நூடுல்ஸ் தொழிற்சாலை. எலித்தொல்லை என்று மேனேஜர் கூப்பிட்டார். கூப்பிட்ட அன்றைக்கே நம் ஆட்கள் போய்க் கூண்டு வைத்தார்கள். மறுநாள் மேனேஜர் அப்படிச் சந்தோஷப்பட்டார், ஆபீசுக்கு ஒரு பெட்டி நூடுல்ஸ் அனுப்பிவைத்தார். நாங்கள் அதை ஆக்கித் தின்று முடிப்பதற்குள் அவரிடமிருந்து அடுத்த போன் வந்துவிட்டது.

"உங்க கூண்டு மேல ஏறி நின்னு எலி மூஞ்சி கழுவுது, சயாமா. வந்து பாக்குறீங்களா?"

விஷயம் இதுதான். புதுப் பொருளைக் கண்டால் எலி பயப்படும். அவசரப்பட்டு வைத்தால் துணிச்சல்காரர்கள் சிலர் மாட்டுவார்கள். மற்றவர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொள்வார்கள். பார்த்தவர்கள் அதன் பிறகு கூண்டுப் பக்கம் வருவதில்லை. முதல் நாள் சந்தோஷத்தை வைத்து இந்த வேலையை எடை போடக் கூடாது என்பதை நான் போனில்தான் கற்றுக்கொண்டேன்.

இதை ஒரு நாள் எங்கள் சயாவிடம் சொன்னேன். கம்பெனி அவருடையது. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் மரியாதையாக சயா, அதாவது ஐயா, என்றே வைத்துக்கொள்வோம். கேட்டுவிட்டுச் சிரித்தார். "போன்ல உக்காந்துக்கிட்டு எங்கிட்ட சொன்னா எப்படி? நேர்ல போய் ஆளுங்ககிட்ட சொல்லு" என்றார். அப்படித்தான் நான் களத்துக்கு வந்தேன். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. கோயில் வாசலில் யாராவது "மக என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால், "சாப்பாட்டுச் சாமான் பாதுகாக்குற கம்பெனில சூப்பர்வைசர்" என்று பதில் வரும். எலி என்ற வார்த்தை கடைசிவரை அம்மா வாயிலிருந்து வரவே இல்லை.

இனி டோ மியா அம்மாவின் கிடங்கு.

க்யிம்யிண்டைங்கில் படகுத்துறையை ஒட்டி அவருக்கு உளுந்துக் கிடங்கு இருந்தது. கடல் தாண்டிப் போய் யார் வீட்டிலோ இட்லியாகப் போகிற உளுந்து. நம் கம்பெனிக்கு அவர்தான் பெரிய வாடிக்கையாளர். கணவர் போன பிறகு தனியாக வியாபாரம் பார்த்தவர். நாற்காலியை எடைமேடைமேல் போட்டு உட்காருவார். அவர் உட்காரும்போதெல்லாம் முள் எழும்பி அவருடைய எடையைக் காட்டும். அந்தப் பக்கம் பார்க்க யாருக்கும் தைரியம் கிடையாது. அவர் பேசியது பர்மிய மொழி. எனக்கு அது தமிழாகவே நினைவில் தங்கியிருக்கிறது.

அந்தக் கிடங்கின் பொறுப்பை சயா முதல்முறையாக என் கையில் கொடுத்த வருஷம் அது. மழை தொடங்கிவிட்டிருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. டோ மியா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாஸோ மாசப் பௌர்ணமிக்கு நான் சீலம் எடுத்து விரதம் இருக்கப்போறேன், மேரி. அன்னிக்கு விடிஞ்சதுலேருந்து மூணு மாசம், வா விரதம் முடியுற வரைக்கும், என் கிடங்குல ஒரு உசிரும் போகக் கூடாது. அதுக்கு முந்தி நீ என்ன வேணா செஞ்சுக்க. நாளைக்கே ஆரம்பி."

"நாளைக்கு வேணாம், அன்ட்டி."

"ஏன், நல்ல நாள் பாக்கணுமா?"

"எலி இன்னும் வரல."

நான் சொல்லி வாய் மூடவில்லை, தலைக்குமேல் உத்தரத்தில் ஒன்று சாவகாசமாக நடந்து போனது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"அப்ப அது யாரு?" என்று கேட்டார் டோ மியா.

"அது இங்கேயே குடியிருக்குற ஆளு, அன்ட்டி. நான் சொல்றது இனிமே வரப்போறவங்கள."

நீங்களும் இந்த இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கிடங்குக்குள் குடியிருக்கும் எலிகள் கொஞ்சம்தான். ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டி வாழும் பெருச்சாளிகள்தான் பெரிய கூட்டம். மழைக்காலத்தில் ஆறு ஏறி வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எல்லாம் சேர்ந்து மேட்டுக்கு வரும். அங்கே மேடு என்றால் டோ மியாவின் கிடங்கு. வந்த சூட்டில் பிடித்துவிட வேண்டும். விட்டால் மூட்டைகளுக்கு நடுவில் குட்டி போட்டுப் பெருகும். அவை வருவதற்கு முன்னாலேயே வேட்டையை ஆரம்பித்தால் குடியிருக்கும் நாலைந்தைப் பிடித்து, மிச்சத்தை உஷார் ஆக்கி, வரப்போகிறவற்றுக்கு இடம் காலி செய்து கொடுத்ததாகத்தான் ஆகும். விஷம் வைக்கலாமே என்பீர்கள். உளுந்து இருக்கும் இடத்தில் விஷம் வைக்க முடியாது. மூட்டை இடுக்கில் ஒன்று செத்து நாறினாலும் சரக்கு போச்சு.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஆறு மற்ற நாட்களைவிட அதிகமாக ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். பௌர்ணமி ஏற்றத்துக்காகக் காத்திருந்தால் டோ மியாவின் விரதம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் வரும் அமாவாசை ஏற்றத்தில் வளைகள் மூழ்கினால் இடையில் போதுமான நாள் கிடைக்கும். நான் அதைத்தான் நம்பினேன்.

கூண்டுகளைக் கொண்டுபோய் இறக்கினோம். ஆனால் கதவுகளைத் திறந்து கயிற்றால் கட்டிவிட்டோம். உள்ளே கருவாடும் உடைத்த அரிசியும் வைத்தோம். எலி வரலாம், தின்னலாம், போகலாம். கூண்டு என்றால் நல்ல சோறு கிடைக்கும் இடம் என்று அதற்குப் பழக வேண்டும். ஒவ்வொரு கூண்டின் வாசலிலும் சாக்குக்கட்டித் தூளை வெள்ளையாகத் தூவிவைத்தோம், கால்தடம் பார்ப்பதற்காக. நான் குனிந்து தூவுவதைப் பார்த்து கோ முருகன், "மா மேரி, கோலம் போட்டாச்சுன்னா கூப்பிடுங்க, நான் பூ வாங்கிட்டு வரேன்" என்றார். மிங்கலா தாங்ஞுன்ட்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். பிள்ளையார் பக்தர். சதுர்த்திக்கு முன்னால் வேலையை முடித்துக்கொண்டால் சாமிக்கும் தனக்கும் மனஸ்தாபம் வராது என்பார்.

டோ மியா தினமும் வந்து பார்த்தார். கருவாடு காலியாகிக்கொண்டே இருந்தது. எலி ஒன்றுகூட மாட்டவில்லை, மாட்டுகிற மாதிரி வைக்கவும் இல்லை.

"பௌர்ணமிக்கு நான் பிக்கு சங்கத்துக்குச் சோறு போடப்போறேன். நீ அதுக்கு முந்தியே எலிக்குப் போட ஆரம்பிச்சிட்டியே" என்றார். சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அத்தனை சிரிப்பு இல்லை.

அமாவாசை வந்தது. மாலையில் நானும் கோ முருகனும் படகுத்துறை மேல்படியில் குடை பிடித்து நின்றோம். தண்ணீர் ஏறியது. ஒரு படி, இன்னொரு படி. வளைகளுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. கொஞ்ச நேரம் யோசிப்பதைப்போல அங்கேயே அசைந்துகொண்டிருந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. ஆறு வருகிற மேலே நாட்டில் மழை போதவில்லை.

பக்கத்துக் கிடங்கில் வேறு ஆட்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பிடித்ததை வாலில் கயிறு கட்டி வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள், எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று. டோ மியாவுக்கும் தெரிந்தது. நேராக சயாவைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுநாள் சயா வந்தார். கூண்டுகளைப் பார்த்தார். வெள்ளைத் தூளில் குனிந்து தடங்களைப் பார்த்தார். எல்லாம் காய்ந்த, சின்னத் தடங்கள். குடியிருக்கும் எலிகள். பிறகு என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு கிடங்குக்கு வெளியே லபேயேக் கடையில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு டீ, அவருக்கு ஒரு டீ.

"மேரி, அந்தம்மாவுக்கு இருக்குற பயம் நியாயமானது. வா விரதம் தொடங்கினதுக்கப்புறம் சரக்கைப் பாக்க வாங்குறவங்க ஆளு வருவான். ஒரு மூட்டைல ஓட்டை இருந்தாக்கூட அத்தனையையும் திருப்பிடுவான். அந்தம்மா போனா நம்ம ஆளுங்க பாதி பேருக்கு வேலை இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும், சயா."

"நான் இன்னிக்கே ஆரம்பின்னு சொன்னா?"

"ஆரம்பிப்பேன். ஆனா அது உங்க முடிவு. நான் எடுத்த முடிவுன்னு அவங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பதில் எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"சரி. தண்ணி வரவே இல்லன்னா என்ன செய்வ? பௌர்ணமி வரைக்கும் கருவாடு போட்டுக்கிட்டே இருப்பியா?"

எனக்கு அது உறைத்தது. ஏனென்றால் அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. காத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு அத்தனை நிச்சயம் இருந்தது, எதுவரை என்று கேட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே யோசித்தேன். டீ ஆறிவிட்டது.

"பௌர்ணமிக்கு ரெண்டு ராத்திரி பாக்கி இருக்குறப்ப, தண்ணி வந்தாலும் வராட்டியும் கதவை மாட்டிடுறேன். பழகின எலி, இருக்குறவரைக்குமாவது சுத்தமா மாட்டும். அதுக்கு முந்தி சேத்துக் கால்தடம் ஒண்ணாச்சும் தெரிஞ்சா அன்னிக்கே மாட்டிடுறேன்."

"இதை அந்தம்மாகிட்ட நீயே சொல்லு" என்று எழுந்துவிட்டார். பக்கத்தில் நின்று எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் ஒரு வாரம் இருந்தது. டோ மியாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் எடைமேடையில் உட்கார்ந்து கேட்டார். முன்பு "இன்னும் இல்லை" என்று மட்டும் சொன்னபோது என்னைத் திட்டியவர், கடைசி நாள் இது என்று சொன்னதும் திட்டவில்லை. "சரி, பாப்போம்" என்றார். வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லும்போது முடிவு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களால் அதைத் தாங்கிக்கொள்ள முடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டு, ஆண்டவரே, நல்ல மழையைக் கொடும், ஆறு நிறையட்டும் என்று ஜெபித்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த ரோசி அக்காவின் வீடு தாழ்வான இடத்தில் இருக்கிறது. அவர் கண்ணை மூடி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "ஆண்டவரே, இந்த வருஷமாவது தண்ணி வீட்டுக்குள்ள வராம இருக்கட்டும்." எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரே பெஞ்சில் இரண்டு மனு. ஆண்டவர் யாருடையதைக் கேட்பார்? ஆறு வளைவரைக்கும் வந்தால் போதும், தெருவரைக்கும் வேண்டாம் என்று என் ஜெபத்தைத் திருத்திக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அடுத்த நாள் மழை பிடித்தது. விடவே இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு மழை. ஆற்றில் மேலிருந்து ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வந்தது. மேலே நாட்டிலும் நல்ல மழை என்று அதிலிருந்து தெரிந்தது. நான் சொன்ன கடைசி நாளுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது.

ஒரு காலை நானும் கோ முருகனும் கிடங்குக்குப் போனபோது ஆற்றங்கரைக்குமேல் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. மழையிலும் விடாமல் தாழ்ந்து தாழ்ந்து வந்தன. கீழே காக்கைக் கூட்டம் கத்தியது. கோ முருகன் என்னைப் பார்த்தார். இருவரும் உள்ளே ஓடினோம்.

வெள்ளைத் தூள் இருந்த இடமே தெரியவில்லை. சேறு. பெரிய பெரிய கால்தடம், நடுவில் வால் இழுத்த கோடு. ஆற்றுப்பக்கச் சுவரை ஒட்டி ஒரு கூண்டுக்குள் ஒன்று இன்னும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. டார்ச் அடித்தேன். முதுகு மயிர் ஈரத்தில் முள்முள்ளாக நின்றது, வயிற்று மயிரில் ஆற்று வண்டல் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. கிடங்கில் குடியிருக்கும் எலியின் மயிர் உலர்ந்து, உளுந்துத் தூசி படிந்து இருக்கும். இது வேறு. கதவு திறந்தே இருந்ததால் எங்களைப் பார்த்துவிட்டு அது போய்விட்டது.

"இன்னிக்குச் சாயங்காலம்" என்றேன்.

இத்தனை நாள் "இல்லை, இல்லை" என்று சொன்னவள் "சரி" என்றதும் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு மத்தியானம் உளுந்து லாரி வந்து நின்றது. மூட்டை இறக்க இருட்டும்வரை ஆகும். கதவு திறந்திருக்கும், விளக்கு எரியும், பத்துப் பேர் நடப்பார்கள். அத்தனை சத்தத்தில் எந்த எலி கூண்டுக்கு வரும்? வந்த முதல் மாலையில் பசியோடு இருக்கும்போது பிடிப்பது ஒன்று. மூட்டைக்குள் இடம் பிடித்துவிட்ட பிறகு பிடிப்பது வேறு.

"அன்ட்டி, லாரியை நாளைக்கு இறக்கலாம்."

டோ மியா எழுந்தே நின்றுவிட்டார். எடைமேடை முள் சைபருக்குப் போனது. "மழைல நிக்குது, மேரி! சரக்கு நனைஞ்சா? எலிக்காக உளுந்தை வெளியே நிறுத்தச் சொல்றியா?"

"இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும். விடிஞ்சதும் முத வேலையா இறக்கிடலாம். ஒரு மூட்டைகூட நனையாது, அதுக்கு நான் பொறுப்பு."

சொல்லிவிட்டேன். எப்படி என்று யோசிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டது கோ முருகன்தான். படகுத்துறையில் எல்லோரையும் அவருக்குத் தெரியும். படகுக்காரர்களிடம் இரவல் வாங்கி இரண்டு பெரிய தார்ப்பாய் கொண்டுவந்தார். லாரியின் மேல் ஒன்றுக்குமேல் ஒன்றாகப் போட்டு நாங்களும் சுமை தூக்குகிறவர்களும் கட்டினோம். காற்று ஒரு மூலையை அவிழ்த்தால் இன்னொருவர் போய் இழுத்துப் பிடித்தார். லாரி டிரைவர் உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். டோ மியா குடையோடு சுற்றிச் சுற்றி வந்து முடிச்சுகளை அசைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு முடிச்சைத் தானே அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். "போ, போய் உன் வேலையைப் பாரு" என்றார்.

கதவுக் கயிறுகளை அவிழ்த்தோம். கொக்கிகளை மாட்டினோம். அதே கருவாடு, அதே இடம். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டோம். அன்றைக்கு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா ரசத்தை மட்டும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிவைத்தார்.

விடிந்ததும் கிடங்குக் கதவைத் திறந்த கோ முருகன் "பிள்ளையாரே!" என்று கத்தினார். காலியாக இருந்த கூண்டைத்தான் தேட வேண்டியிருந்தது. சிலதில் இரண்டு, இரண்டு. அத்தனையிலும் சாம்பல் வண்டல் அப்பிய வயிறு. பத்து நாளாக மற்ற எலிகள் வந்துபோய் வாசம் ஏறிய, தாங்களும் முந்தின ராத்திரி தின்றுவிட்டுப் போன வாசலில் சந்தேகமே இல்லாமல் நுழைந்திருந்தன. பிறகு செய்ய வேண்டியதைச் சத்தமில்லாமல் செய்தோம். அது யாருக்கும் பிடித்த வேலை இல்லை, உங்களுக்கும் பிடிக்கக் கூடாது. லாரியை இறக்கியபோது கீழ்வரிசையில் ஒரு மூட்டை ஓரத்தில் ஈரம் இருந்தது. டோ மியா அதைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது வீட்டுக்கு. வடை சுடலாம்" என்று தனியாக எடுத்து வைக்கச் சொன்னார்.

அடுத்தடுத்த நாட்களில் கூண்டுகளில் குறைந்துகொண்டே வந்தது. நடுவில் சுவர் ஓட்டைகளைக் கம்பிவலை வைத்து அடைத்தோம், கதவுக்கடியில் தகரம் அடித்தோம். விரத மாதங்களில் பிடிக்க முடியாது, ஆனால் வரவிடாமல் தடுக்க யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே. பௌர்ணமிக்கு முந்தின நாள் தூள் வெள்ளையாகவே இருந்தது.

பௌர்ணமிக் காலையில் கூண்டுகளை எடுத்துக்கொண்டு போக வந்தோம். கடைசிக் கூண்டில் ஒன்று இருந்தது. கொழுத்த பெருச்சாளி. கோ முருகன் வெளியே எட்டிப் பார்த்தார். டோ மியா மடாலயத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை.

"மா மேரி, அஞ்சு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது."

"விடிஞ்சிடுச்சு, கோ முருகன்."

"ஒண்ணே ஒண்ணுதானே?"

"விடியுறதுக்கு முந்தின்னுதான் சொல்லியிருக்கோம்."

அவர் தலையைச் சொறிந்தார். அதற்குள் டோ மியா வந்துவிட்டார். மேலே பழுப்பு நிறத் துண்டு, கையில் பூ. கூண்டைப் பார்த்தார். உயிரோடு இருப்பதைப் பார்த்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"படகைக் கூப்பிடு" என்றார். "இன்னிக்கு எல்லாரும் புண்ணியத்துக்கு மீன் விடுவாங்க, குருவி விடுவாங்க. எனக்குக் கிடைச்சது இது."

படகுக்காரர் எலியோடு ஏற்ற மாட்டேன் என்றார். டோ மியா ஒரு பார்வை பார்த்தார், ஏற்றிக்கொண்டார். மழைத் தூறலில் நானும் டோ மியாவும், நடுவில் கூண்டுமாக எதிர்க்கரைக்குப் போனோம். வயல் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, நாணல் புதர் ஓரமாக இறங்கிக் கூண்டைத் திறந்தேன். அது போகவில்லை. உள்ளேயே உட்கார்ந்து மிச்சக் கருவாட்டைத் தின்றுகொண்டிருந்தது. கூண்டைச் சாய்த்தேன், தட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டது. டோ மியா வாயில் துண்டை வைத்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்து ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். தின்று முடித்துவிட்டு அதுவாகவே எழுந்து, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாணலுக்குள் போனது.

திரும்பும்போது அவர் கேட்டார். "தண்ணி வரலேன்னா என்ன பண்ணியிருப்ப?"

"கடைசி நாள் மாட்டியிருப்பேன், அன்ட்டி. கொஞ்சம் கிடைச்சிருக்கும். உங்க முன்னால வந்து நின்னிருப்பேன்."

"என் சரக்கு?"

"போயிருக்கலாம்."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று காட்டிக்கொண்டிருக்கலாம். தெரியாது என்பதுதான் உண்மை. இந்த வேலையில் நாள் குறிப்பவருக்கு ஆறு என்ன செய்யும் என்று தெரியாது. எதைப் பார்த்தால் ஆரம்பிப்பேன், எதுவரை பொறுப்பேன், எப்போது நிறுத்துவேன் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும். அந்த மூன்றையும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரக்கு பார்க்க வந்தவர் மூட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வாலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பக்கத்துக் கிடங்குக்காரர் எலித்தொல்லை தாங்கவில்லை என்று விரதம் முடிகிறவரை எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சயா என்னைப் பாராட்டவில்லை. க்யிம்யிண்டைங்கில் இன்னும் இரண்டு கிடங்குகளை என்னிடம் கொடுத்தார். என் கோபம் அதற்குள் ஆறியிருந்தது.

அடுத்த வருஷம் மழை தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருக்கும். ஆபீசில் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"மேரி, எல்லாரும் வைக்க ஆரம்பிச்சிட்டாங்க. நம்மளது?" டோ மியாவின் குரல்.

"இன்னும் இல்ல, அன்ட்டி."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.